மெயின்டனன்ஸ் டீமுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே பெயர்ப் பட்டியலைப் போடலாமா?

கேள்வி இதுதான்: தொழிற்சாலைக்குப் புதிதாக ஓடூ (Odoo) என்ற நிர்வாக மென்பொருளைப் போடுகிறீர்கள். பராமரிப்பில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் (சென்சார், அளவுக் கருவிகள்), யுட்டிலிட்டி (பாய்லர், கம்ப்ரஸர் போன்றவை), கட்டடம் என்று ஐந்து பிரிவு, மூன்று ஷிஃப்ட். மென்பொருள் ஓர் இடத்தில் டிபார்ட்மென்ட் கேட்கிறது, இன்னோர் இடத்தில் மெயின்டனன்ஸ் டீம் கேட்கிறது. இரண்டிலும் ஒரே பட்டியலை அடித்துவிடலாமா? பிரிவுக்கு மூன்று ஷிஃப்ட் வீதம் 15 டீம் போடலாமா?

வேண்டாம். நீங்கள் சொன்ன விவரத்துக்கு மூன்று டீம் போதும், மிஞ்சிப்போனால் நான்கு. காரணம் கொஞ்சம் நீளும்.

15 டீம் போட்ட ஓர் ஆலையில் நான் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன். இரவு 9:40-க்கு குளிர்நீர் பம்ப் ஒன்றில் சீல் ஒழுகுகிறது. ஆபரேட்டர் மென்பொருளில் பழுது பார்க்கச் சொல்லி ரிக்வெஸ்ட் போடுகிறார், அது ‘மெக்கானிக்கல் – பி ஷிஃப்ட்’ டீமில் போய் உட்காருகிறது. ஃபிட்டர் வந்து கப்ளிங்கைக் கழற்றிப் பார்க்கிறார். புது சீல் வேண்டும், ஸ்டோர்ஸ் பூட்டியாகிவிட்டது. ஸ்டாண்ட்பை பம்பை ஓடவிட்டு, 10 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கிளம்பிவிடுகிறார். சி ஷிஃப்ட் சூப்பர்வைசர் வந்து தன் டீமின் பட்டியலைத் திறக்கிறார், காலி. காலையில் ஏ ஷிஃப்ட்காரர் தன்னுடையதைத் திறக்கிறார், அதுவும் காலி. மறுநாள் மதியம் 2 மணிக்கு பி ஷிஃப்ட் திரும்பி வந்தபோதுதான் அந்த ரிக்வெஸ்ட் மறுபடி ஒருவர் கண்ணில் பட்டது. 16 மணி நேரம் பம்ப் கழற்றிய கோலத்திலேயே கிடந்தது. ஸ்டாண்ட்பை மட்டும் நின்றிருந்தால் மொத்த லைனும் நின்றிருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆளாளுக்குத் தன் பட்டியலைத் திறந்து பார்த்துத்தான் இருக்கிறார்கள்.

ஃபிட்டர் 10 மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், பழுது இயந்திரத்தோடு அங்கேயே இருக்கும். அதனால் ரிக்வெஸ்ட்டை ஷிஃப்ட்டோடு கட்டக் கூடாது. யார் எந்த நேரத்தில் வேலையில் இருக்கிறார் என்பதை ஷிஃப்ட் ரோஸ்டர் பார்த்துக்கொள்ளட்டும். டீம் மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் திறந்தாலும் அதே பட்டியல் வர வேண்டும்.

இனி அந்த இரண்டு சொற்களுக்கு வருவோம். மென்பொருளில் டிபார்ட்மென்ட் என்பது ஆளுக்கும் பணத்துக்குமான முகவரி. யார் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார், விடுப்புக்கு யார் ஒப்புதல் தருகிறார், இயந்திரம் யார் பொறுப்பில் இருக்கிறது, செலவு யார் தலையில் எழுதப்படும் என்ற கேள்விகளுக்கான பதில் அங்கே இருக்கும். டீம் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: பழுது என்று ஒருவர் எழுதினால் அதை யார் பார்ப்பார்?

பம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்துவது உற்பத்தித் துறை, பழுது பார்ப்பது மெக்கானிக்கல் டீம். ஓடூவின் எக்விப்மென்ட் படிவத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி கட்டங்கள் உண்டு. எம்ப்ளாயீஸ் ஆப்பும் சேர்ந்திருந்தால் ‘யூஸ்டு பை’ என்ற இடத்தில் ஊழியரையோ டிபார்ட்மென்ட்டையோ காட்டலாம். அங்கே உற்பத்தி என்று வர வேண்டும். ‘மெயின்டனன்ஸ் டீம்’ கட்டத்தில் மெக்கானிக்கல். நிறையப் பேர் இரண்டிலும் மெக்கானிக்கல் என்று நிரப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, எந்தத் துறையில் இயந்திரம் அதிகம் பழுதாகிறது என்று மேலாளர் ரிப்போர்ட் கேட்டால் ‘மெக்கானிக்கல்’ என்றே பதில் வரும். ஆலையில் இருக்கும் எல்லா இயந்திரமும் மெக்கானிக்கல் துறையுடையது என்றுதானே எழுதி வைத்திருக்கிறோம்!

ஆகவே துறைகளை எம்ப்ளாயீஸ் ஆப்பில், நிறுவனத்தின் படிநிலை எப்படி இருக்கிறதோ அப்படியே உருவாக்குங்கள். பராமரிப்பு என்று ஒரு தாய்த்துறை, அதன் கீழே உங்கள் ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளர். இதில் யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, ஹெச்ஆரிடம் இருக்கும் பட்டியலை அப்படியே ஏற்றினால் போதும்.

டீம் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். உருவாக்குவது நிமிட வேலை: மெயின்டனன்ஸ் ஆப், கான்ஃபிகரேஷன், மெயின்டனன்ஸ் டீம்ஸ், பெயரை அடித்து உறுப்பினர்களைச் சேர்த்தால் முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் ஆசைப்பட்டு 15 போடத் தோன்றுகிறது. டாஷ்போர்டில் ஒரு டீமுக்கு ஓர் அட்டை வரும், செய்ய வேண்டியவை எத்தனை, தேதி குறித்தவை எத்தனை, குறிக்காதவை எத்தனை, அவசரம் எத்தனை என்ற எண்களோடு. தினமும் காலையில் அந்த அட்டையைத் திறந்து பார்க்கப் பெயர் சொல்லி ஓர் ஆளைக் காட்ட முடிந்தால் அது டீம். காட்ட முடியாவிட்டால் அதைத் தனி டீமாகப் போடாதீர்கள். அந்தப் பிரிவு ஹெச்ஆர் படிநிலையில் துறையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் ஐந்து பிரிவில் எலக்ட்ரிக்கலையும் இன்ஸ்ட்ருமென்டேஷனையும் ஒரே டீமாக்குவேன். ஒரு மோட்டார் டிரிப் ஆகி நிற்கிறது. ஆபரேட்டருக்குத் தெரிந்தது ‘மோட்டார் ஓடவில்லை’ என்பது மட்டும்தான். ஓவர்லோட் ரிலேயா, சென்சார் தவறாகப் படிக்கிறதா, பேரிங் இறுகிவிட்டதா என்று அவரைக் கேட்பது நியாயமில்லை. பேனலைத் திறந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும், அந்தப் பேனலைத் திறக்கப் போவது பெரும்பாலும் எலக்ட்ரீஷியனும் இன்ஸ்ட்ருமென்ட்காரரும் சேர்ந்துதான். இரண்டு டீமாகப் பிரித்தால் ரிக்வெஸ்ட் அங்கேயும் இங்கேயும் பந்து மாதிரி உருளும். மெக்கானிக்கல் தனி டீம். யுட்டிலிட்டியும் கட்டடமும் சேர்ந்து ஒன்று. உங்கள் பாய்லர், கம்ப்ரஸர், சில்லர் எல்லாம் பெரிய அளவில் இருந்து தனி சூப்பர்வைசரும் இருந்தால் யுட்டிலிட்டியைப் பிரித்து நான்காக்கலாம்.

நான் சொன்ன பிரிவினை உங்கள் இடத்துக்குச் சரிதானா என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரிக்வெஸ்ட்டின் கீழே குறிப்பு எழுத இருக்கும் சாட்டர் பகுதியில், டீம் மாறியபோதெல்லாம் ஒரு வரி காரணம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு டீமுக்கு நடுவே மூன்றில் ஒரு ரிக்வெஸ்ட் கைமாறுகிறது என்றால் அவை உண்மையில் ஒரே டீம். இது நான் வைத்துக்கொண்டிருக்கும் கைக்கணக்கு, எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள்.

அடுத்தது உறுப்பினர்கள். டீம் உருவாக்கிய மறுநாளே ஒரு போன் வரும் பாருங்கள்: “சார், என் பெயர் டீமில் இருக்கு, லாகின் பண்ணினா லிஸ்ட் காலியா இருக்கு.” ஓடூவில் டீம் உறுப்பினர் என்பது வெறும் பட்டியல், அது அனுமதி தராது. சாதாரணப் பயனருக்குத் தெரிவது தான் போட்ட ரிக்வெஸ்ட், தன் பெயருக்கு ஒதுக்கியது, தான் ஃபாலோயராக இருப்பது, இவ்வளவுதான். டீமுக்கு வந்து இன்னும் யாருக்கும் ஒதுக்காமல் நிற்கும் ரிக்வெஸ்ட் அவர் கண்ணில் படாது. எல்லாவற்றையும் பார்க்க எக்விப்மென்ட் மேனேஜர் அனுமதி வேண்டும்.

அதனால் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் எல்லாருக்கும் அந்த அனுமதியைக் கொடுங்கள். வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவர்கள்தானே. ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சாதாரண அனுமதி போதும், ஒதுக்கியதும் அவர்கள் பட்டியலில் தானாக வந்துவிடும். பொறுப்பாளர் கட்டத்தில் வரக்கூடியவர் ஊழியர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, லாகின் உள்ள பயனராக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். கட்டணப் பதிப்பில் பயனர் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை ஏறும். 40 பேருக்கும் லாகின் வாங்க மனமில்லை என்றால் சூப்பர்வைசர் பெயரில் ஒதுக்கி, வேலை செய்தவரின் பெயரை உள்ளே ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் அசிங்கமான வழிதான், ஆனால் நடக்கும். ஒரே லாகினைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். யார் எதை மூடினார் என்பது அன்றோடு போய்விடும்.

இனி ரிக்வெஸ்ட் எப்படி டீமைக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். ஆபரேட்டர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததும், அந்த எக்விப்மென்ட்டில் எழுதியிருக்கும் டீம் தானாக நிரம்பும். பொறுப்பான டெக்னீஷியன் முதலில் எக்விப்மென்ட்டிலிருந்து வருவார், அங்கே காலியாக இருந்தால் அதன் வகையிலிருந்து வருவார். அதாவது மொத்த வேலையும் எக்விப்மென்ட் பட்டியலைச் சரியாக நிரப்புவதில் இருக்கிறது. அதில் ஒரு வாரம் செலவழித்தால் பிறகு யாரும் டீமைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆபரேட்டருக்கு டீம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். டெக்னீஷியன் கட்டத்தை இரண்டு இடத்திலும் காலியாக விடுவது என் வழக்கம். அங்கே ஒரு பெயரை எழுதிவிட்டால் அவர் விடுப்பில் இருக்கும் வாரமும் எல்லாம் அவர் பெயருக்கே போய்க் குவியும்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்காமல் ரிக்வெஸ்ட் போட்டால்? ‘கூரையில் தண்ணீர் ஒழுகுது’ என்று எழுதுபவர் எந்த எக்விப்மென்ட்டைக் காட்டுவார்? டீம் என்பது கட்டாயக் கட்டம். அதனால் மென்பொருள் அந்த நிறுவனத்துக்கு முதலில் கிடைக்கும் டீமை எடுத்து நிரப்பிவிடும். பட்டியலில் மெக்கானிக்கல் முதலில் இருந்தால் கூரை, குழாய், கதவு எல்லாம் பெரும்பாலும் மெக்கானிக்கலிடம் போய்ச் சேரும். அவர்கள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாவது நாள் பட்டியலைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஓடூ தொடக்கத்தில் தானாகவே ‘இன்டர்னல் மெயின்டனன்ஸ்’ என்று ஒரு டீமைத் தரும். அதை அழிக்காமல், ‘வகைப்படுத்த வேண்டியவை’ என்று பெயர் மாற்றி, பிளானர் (வேலையைத் திட்டமிடுபவர்) ஒருவரை அதில் உட்கார வையுங்கள். முகவரி இல்லாதது எல்லாம் அங்கே விழட்டும். காலையில் அரை மணி நேரத்தில் அவர் பிரித்து அனுப்பிவிடுவார். நான் மேலே சொன்ன மூன்றில் இதைச் சேர்க்கவில்லை, இது தபால் பெட்டி.

பிளானர் என்றதும் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி (SAP) மென்பொருள் நினைவுக்கு வருகிறது. அங்கே இந்தப் பிரிவினை இன்னும் கறாராக இருக்கும். செலவுக்கு காஸ்ட் சென்டர், வேலையைத் திட்டமிடுபவருக்கு பிளானர் குரூப், செய்பவருக்கு மெயின் ஒர்க் சென்டர் என்று ஒரே இயந்திரத்தில் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். பிளானர் குரூப்புக்கு மூன்று எழுத்துக் குறியீடுதான், ஆனால் அதை யோசித்துப் போடாத ஆலைகளில் பிறகு படும் பாடு சொல்லி மாளாது. ஓடூவில் திட்டமிடுபவரும் செய்பவரும் டீம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். சிறிய இடத்துக்கு இது வசதி. 200 பேர் இருக்கும் பராமரிப்புத் துறைக்கு மூச்சு முட்டும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் (ERPNext) என்ற இன்னொரு நிர்வாக மென்பொருளை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு பத்தி. அங்கே ‘அசெட் மெயின்டனன்ஸ் டீம்’ என்ற ஆவணத்தில் டீம் பெயரோடு மெயின்டனன்ஸ் மேனேஜர் ஒருவரையும் எழுத வேண்டும், கீழே உறுப்பினர் அட்டவணை. பிறகு ஒவ்வோர் அசெட்டுக்கும் ‘அசெட் மெயின்டனன்ஸ்’ போட்டு, அதில் டீமையும், வாரம், மாதம், காலாண்டு என்று திரும்பத் திரும்ப வரும் வேலைகளையும் எழுதலாம். காலிப்ரேஷனுக்குத் தனி வகை உண்டு, சான்றிதழ் தேவை என்றும் குறிக்கலாம். பிரேக்டவுன் இதில் வராது, ‘அசெட் ரிப்பேர்’ என்ற வேறு ஆவணத்தில் பதிவாகும். அசெட்டில் ‘மெயின்டனன்ஸ் ரிக்வயர்டு’ என்ற பெட்டியை டிக் செய்யாமல் விட்டுவிட்டு, இயந்திரம் பட்டியலில் வரவில்லையே என்று தேடுபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

மறுபடி ஓடூ. டீம்கள் ஓடத் தொடங்கியதும் எல்லாரும் கேட்பது எம்டிபிஎஃப், எம்டிடிஆர். அதாவது இரண்டு பழுதுக்கு இடையே சராசரியாக எத்தனை நாள், ஒரு பழுதைச் சரிசெய்ய சராசரியாக எத்தனை நாள். எக்விப்மென்ட் படிவத்தில் இவை தானாக வரும். இவற்றை வைத்து டீம்களை ஒப்பிட்டுத் திட்டத் தொடங்குவதற்கு முன் அது எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் வேலை பார்த்த பதிப்புகளில் சரிசெய்யும் நேரம் முழு நாள் கணக்கில்தான் வருகிறது, மணி கிடையாது. காலை 6 மணிக்குப் போட்ட ரிக்வெஸ்ட்டை இரவு 10 மணிக்கு மூடினால் அது 0 நாள். இரவு 11 மணிக்குப் போட்டு 1 மணிக்கே முடித்துவிட்டால் அது 1 நாள்! இரண்டு மணி நேரத்தில் முடித்த இரவு ஷிஃப்ட் மோசம் என்றும், 16 மணி நேரம் இழுத்த பகல் ஷிஃப்ட் அபாரம் என்றும் அறிக்கை சொல்லும். நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் இயந்திரம் நின்ற நேரம், ஓடத் தொடங்கிய நேரம் என்று இரண்டு கட்டங்களைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எம்டிபிஎஃப்பிலும் ஒரு பொறி உண்டு. எக்விப்மென்ட்டின் எஃபெக்டிவ் டேட்டிலிருந்து (கணக்கு தொடங்கும் தேதி) கடைசிப் பழுது வரையான நாள்களை, மூடப்பட்ட கரெக்டிவ் (பழுது பார்க்கும்) ரிக்வெஸ்ட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. உங்கள் பம்ப் பத்து வருடம் பழையது, ரிக்வெஸ்ட் பதிவோ இந்த வருடம்தான் தொடங்குகிறது. எஃபெக்டிவ் டேட்டில் வாங்கிய தேதியைப் போட்டால் பத்து வருடத்தில் நான்கே பழுது என்று கணக்கு வரும், பம்ப் தங்கமாகத் தெரியும். பதிவு தொடங்கிய தேதியையே போடுங்கள், வாங்கிய தேதியை குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று, புதிய ரிக்வெஸ்ட் தொடக்கத்தில் கரெக்டிவ் என்றுதான் திறக்கும். எண்ணெய் மாற்றியதைக்கூட அப்படியே விட்டுவிட்டால் அதுவும் பழுதாக எண்ணப்படும்.

பிரிவென்டிவ், அதாவது பழுதாகும் முன்பே செய்யும் பராமரிப்பு, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீம்கள் தயாரானதும், எல்லா இயந்திரத்துக்கும் மாதம் ஒரு பராமரிப்பு என்று மொத்தமாகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். 1978-இல் நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காகத் தயாரித்த அறிக்கையை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். யுனைடெட் ஏர்லைன்ஸின் விமானப் பாகங்களை ஆராய்ந்ததில், வயது ஏற ஏறப் பழுது கூடும் தன்மை 11 சதவீதப் பாகங்களில் மட்டுமே தெரிந்தது. 68 சதவீதம் பொருத்திய புதிதில் அதிகம் பழுதாகி, பிறகு சமநிலைக்கு வந்தன. ஆலை இயந்திரம் விமானம் இல்லைதான். ஆனாலும் நன்றாக ஓடுவதை மாதாமாதம் கழற்றி மாட்டுவதில் ஆபத்து இருக்கிறது என்பது ஃபிட்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பட்டியலில் 300 பிரிவென்டிவ் ரிக்வெஸ்ட் நின்றால் அதற்குள் புதைந்த ஒரு பிரேக்டவுனை யாரும் பார்க்க மாட்டார்கள். முக்கியமான 20 இயந்திரத்தோடு தொடங்குங்கள். ஆபரேட்டர் தினமும் செய்யும் துடைத்தல், எண்ணெய் இடுதல், போல்ட் இறுக்குதல் இவற்றுக்கும் ரிக்வெஸ்ட் வேண்டாம், இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு செக்லிஸ்ட் தொங்கினால் போதும்.

நிறுவனம் ஒன்றுக்கு மேல் இருந்தால் டீமில் கம்பெனி கட்டத்தைக் காலியாக விடலாம், எல்லா நிறுவனத்துக்கும் அது பொதுவாகிவிடும். ஏற்கெனவே 15 டீம் போட்டுவிட்டிருந்தால் எதையும் அழிக்காதீர்கள். திறந்திருக்கும் ரிக்வெஸ்ட்களையும் எக்விப்மென்ட்களையும் புதிய டீமுக்கு மாற்றிவிட்டு, பழையதை ஆர்க்கைவ் செய்யுங்கள். முடிந்த ரிக்வெஸ்ட்கள் பழைய டீம் பெயரிலேயே இருக்கும், வரலாறு கலையாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. சாதாரண ஆபரேட்டர் லாகினில், இரவு ஷிஃப்ட் மாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, எக்விப்மென்ட்டைத் தேர்ந்தெடுக்காமல் ‘சத்தம் வருது’ என்று ஒரு ரிக்வெஸ்ட் போடுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். இன்னொன்றை அதே நேரத்தில் ஒரு பம்பைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். மறுநாள் காலை 9 மணிக்கு, இரண்டையும் யார் எப்போது திறந்தார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள்.